பளிச்சென்று எரிந்த பல்பு

ஸ்டெபிலைசர் கம்பெனியிலிருந்து நான் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் கம்பெனிப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் வரும். சந்தேகப்படுவதில் என்னை மிஞ்சிய ஆள் அங்கே இருந்ததில்லை. போன மாதம் லோகேஷ் பேசினான்.

"அக்கா, மேடவாக்கத்துல ஒரு கஸ்டமர். பாட்டு கேக்கற சிஸ்டம் மட்டுமே ஒரு கார் விலை. அதுக்கு கரண்டைச் சீராக்கற பவர் கண்டிஷனர் எது போடலாம்னு கேக்கறாரு. சிம்பிளா சொல்லுங்க."

"எர்த் பாத்தியா?"

"பாத்தாச்சுக்கா. பேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவுல பல்பு போட்டேன். பளிச்சுனு எரியுது. சூப்பர் எர்த்."

"அந்த வூட்ல எதையும் தொட வேணாம்னு சொல்லு, நான் சொல்றவரைக்கும்" என்றேன். அவன் சிரித்தான். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். எட்டாவதோடு படிப்பை விட்டவள் எழுதுவது இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளில் குரோம்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அருகே யூசுப் பாய் ஒரு ஸ்டெபிலைசர் பட்டறை வைத்திருந்தார். காயில் சுற்ற ஆறு பெண்கள். நானும் ஒருத்தி. கைமிஷினில் செம்புக் கம்பியைச் சுற்றச் சுற்ற, பக்கத்தில் இருக்கும் கவுன்டர் எண் காட்டும். மற்றவர்கள் எண் வந்ததும் வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். நான் கவுன்டரையே நம்பமாட்டேன். மனதுக்குள் தனியாக எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சுற்றியதை அவிழ்த்து மறுபடி சுற்றுவேன். பக்கத்து மிஷின் செல்வி, "டவுட்டு கஸ்தூரி, இன்னிக்கி ஒரு காயிலாவது முடிப்பியா, இல்ல பொழுது போவுற வரைக்கும் அவுத்துக்கினே இருப்பியா?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், ஆனால் அவிழ்ப்பதை நிறுத்தமாட்டேன்.

ஏழாவது வருடம் பாய் என்னை வெளிவேலைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். பெண்பிள்ளையை எதற்கு என்று சிலர் கேட்டார்களாம். "மத்தவங்க ஒரு தபா பாப்பாங்க. இது மூணு தபா பாக்கும். கஸ்டமர் வூட்ல அதான் வேணும்" என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

பாய் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லமாட்டார். காதில் பென்சில், சட்டைப் பையில் கம்பிக் கட்டு வந்த அட்டையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. ஒரு வீட்டில் ஸ்டெபிலைசர் வேண்டும் என்றால், மூன்று நாள், ஒரு நாளைக்கு மூன்று வேளை, மீட்டர் வைத்து அட்டையில் எழுத வேண்டும். காலை ஆறு, மதியம் இரண்டு, சாயங்காலம் ஏழு. அதற்கு முன்னால் யார் எது கேட்டாலும், "அட்டையில இன்னா போட்டுக்கீது?" என்பார். அவ்வளவுதான். கஸ்டமர் கோபப்பட்டாலும் அதே பதில்.

எண்பத்தெட்டு கோடையில் செம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பதினெட்டு வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். நாங்கள் அவரைக் கப்பல் சார் என்போம். ஏரிப் பக்கம் புது வீடு, முழுக்க மொசைக் தரை. கடைசிப் பயணத்தில் ஜப்பானிலிருந்து ஒரு ஆம்ப்ளிபயர் கொண்டுவந்திருந்தார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். வந்து ஐந்து மாதமாகியும் அதை அவர் ஒரு தரம்கூட ஆன் செய்யவில்லை. அது நூற்றுப்பத்து வோல்ட் மிஷின். நம் வீட்டுக் கரண்டில் நேராகச் சொருகினால் ஒரு நொடியில் கருகிவிடும். கருகினால் இங்கே அதற்கு உதிரிபாகம் கிடையாது.

வெளிநாட்டுப் பத்திரிகைகளை எல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார். "பாய், எது பெஸ்ட்டோ அதைப் போடுங்க. எனக்குப் பாட்டுக்கு நடுவுல ஒரு ஊசி விழுற சத்தம்கூடக் கேக்கக் கூடாது."

"அட்டையில எழுதிட்டுச் சொல்றேன் சார்."

மூன்று நாள் நான்தான் போய் எழுதினேன். மதியம் இருநூற்று நாற்பத்தைந்து. சாயங்காலம் ஏழு மணிக்கு நூற்று அறுபத்தெட்டு. பாய் அட்டையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். ரிலே வைத்த சாதாரண ஸ்டெபிலைசர் வேண்டாம் என்றார். வோல்டேஜ் மாறும்போதெல்லாம் அது டக் டக் என்று அடிக்கும், அந்த அடி ஸ்பீக்கரில் கேட்கும். கப்பல் சார் ஆசைப்பட்டது, வோல்டேஜை ஒரே அளவில் அசையாமல் நிறுத்தும் சி.வி.டி. என்கிற வகை. பாய் ஒன்றைக் கொண்டுபோய் அவர் ஹாலிலேயே வைத்து ஓட்டிக் காட்டினார். கால் மணி நேரத்தில் தோசைக்கல் மாதிரிச் சுட்டது, தேன்கூட்டைக் காதருகே வைத்ததுபோல இரைந்தது. "இது கம்ப்யூட்டருக்கு சார். பாட்டுல திடீர்னு மேளம் அடிக்கிறப்போ ஆம்ப்ளிபயர் ஒரு முழுங்கு கரண்ட் கேக்கும். இது குடுக்காது, மூச்சு முட்டும்" என்றார் பாய்.

கடைசியில் முடிவானது இது: மோட்டார் வைத்து மெதுவாக வோல்டேஜை ஏற்றி இறக்கும் சர்வோ ஸ்டெபிலைசர் முன்னால், அதற்குப் பின்னால் உள்ளே வரும் கம்பிக்கும் வெளியே போகும் கம்பிக்கும் ஒட்டே இல்லாமல் தனித்தனியாகச் சுற்றிய டிரான்ஸ்பார்மர். தேவையைப்போல மூன்று மடங்கு பெரியது. இரண்டும் ஒரே இரும்புப் பெட்டிக்குள். வெளியே இரண்டு சாக்கெட்: ஒன்று ஆம்ப்ளிபயருக்கு நூற்றுப்பத்து, இன்னொன்று டேப்புக்கு இருநூற்று முப்பது. காயில் நான் சுற்றினேன். பதினோரு நாள்.

பெட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. நான்தான் வாயைத் திறந்தேன். "ரெக்கார்டு பிளேயர் பக்கத்துல வேணாம் பாய், இரைச்சல் ஏறிக்கும். நடைல வெச்சிடலாம்." ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நடை இருந்தது. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்கும் அதுதான் வழி. எல்லாரும் சரி என்றார்கள். இதை மறக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

பெட்டியை மாட்டியது ஒரு சனிக்கிழமை மதியம். கப்பல் சார் தெருவில் ஒயரிங் வேலை செய்யும் ஒருவரை வைத்து நடையில் புதிதாகத் தடித்த சாக்கெட் போட்டு வைத்திருந்தார். பாய் வழக்கம்போல முதலில் எர்த்தைப் பார்த்தார். நூறு வாட் பல்பின் ஒரு கம்பியைக் கரண்ட் வரும் பேஸ் துளையிலும் மற்றதை எர்த் துளையிலும் வைத்தார். பல்பு எரிந்தால் எர்த் இருக்கிறது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம். பளிச்சென்று எரிந்தது.

"மாஷா அல்லா, இன்னா எர்த்து சார் போட்டுக்கீறீங்க!" என்றார் பாய். கப்பல் சார் சிரித்தார்.

பிறகு ஆம்ப்ளிபயரின் பிளக்கைக் கொண்டுவந்தார்கள். தட்டையான இரண்டு கால். நாங்கள் வைத்த சாக்கெட்டில் போகவில்லை. அவரிடமே கப்பலில் இருந்து கொண்டுவந்த தட்டைத் துளை சாக்கெட் ஒன்று இருந்தது. பாய் சொன்னார், நான் முன்பலகையைக் கழற்றி, இரண்டு பழைய சாக்கெட்டையும் எடுத்து, இடம் பார்த்து மாற்றி, கம்பிகளை மறுபடி முடுக்கினேன். மஞ்சள் உறை போட்ட கம்பி நூற்றுப்பத்து. சிவப்பு உறை இருநூற்று முப்பது. கடைசித் திருகாணியை முடுக்கும்போது வெளியே காற்று சுழன்று அடித்தது. தென்னை மட்டை ஒன்று விழுந்த சத்தம். கரண்ட் போய்விட்டது.

மாற்றிய பிறகு மீட்டர் வைத்து அளக்கவில்லை. அளக்கக் கரண்ட் இல்லை.

"பட்டறையிலயே அளந்தாச்சு. கரண்ட் வந்ததும் பொட்டி ஓடட்டும், சூடு ஏறுதான்னு பாருங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆம்ப்ளிபயரைச் சொருகுங்க சார்" என்றார் பாய்.

ஏழு மணி ஆகியும் கரண்ட் வரவில்லை. மட்டை விழுந்து வீட்டுக்கு வரும் கம்பி மொட்டைமாடியில் அறுந்திருந்தது. நாங்கள் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் நான் ஆரம்பித்தேன்.

"பாய், அளக்காம வந்துட்டோம்."

"மஞ்ச எங்க போட்டே?"

"இடது பக்கம், தட்டை சாக்கெட்ல."

"அப்புறம் இன்னா?"

"போட்டேன்னுதான் நெனைக்கிறேன் பாய்."

"கஸ்தூரி, பேஜார் பண்ணாதே. வூட்டுக்குப் போய் சாப்ட்டுத் தூங்கு."

தூங்கவில்லை. கண்ணை மூடினால் முன்பலகை தெரியும். மஞ்சள் ஒரு தரம் இடதில் இருக்கும், ஒரு தரம் வலதில். பலகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு முடுக்கினேனா, நேராகவா? பின்னாலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடுமே. பதினெட்டு வருடக் கப்பல் வேலைக்கு அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள். ஒரு நொடி. புகை. அதற்கப்புறம் பாய் பேர் என்ன ஆகும்? என் பேர்?

காலை எட்டரைக்கு நான் ஸ்டூல் போட்டு எங்கள் ஹால் பல்பைக் கழற்றினேன். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பல்பு எதுக்கு?"

"மீட்டர் பாய்கிட்ட இருக்கு. நூத்திப்பத்துல இது மங்கலா எரியும், இருநூத்தி முப்பதுல நல்லா எரியும். பாத்துட்டு வந்துடறேன்."

"வாசல் பூட்டை இழுத்துப் பாக்கவே தெருக்கோடில இருந்து மூணு தடவ திரும்பி வர்றவ நீ. செம்பாக்கத்துல இருந்து எத்தினி தடவ வருவே?"

டெஸ்டரையும் பல்பையும் ஹோல்டரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சேலையூர் ஸ்டாப்பில் பஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை. ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் நின்று நின்று போனது. இறங்கும்போது ஒன்பதே முக்கால். ஏரிக் கரைப் பக்கம் அந்த வெயிலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஒரு கிழவர், "இன்னாம்மா, ரயிலா வருது இங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது.

வீட்டு வாசலில் கப்பல் சார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தார். உள்ளே கரண்ட் வந்திருந்தது. மின்விசிறி ஓடியது.

"சொருகிட்டீங்களா சார்?"

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கே. பாய் சொன்ன டயம் பத்து. ஏம்மா மூச்சு வாங்குது?"

"சொருகாதீங்க. கம்பி மாறியிருக்கலாம்னு ஒரு டவுட்டு."

அவர் முகம் மாறியது. "நேத்து நல்லா இருக்குன்னு சொன்னீங்களேம்மா! டவுட்டுன்னா என்ன அர்த்தம்? மாறியிருக்கா, இல்லையா?"

"பாத்தாத்தான் தெரியும் சார்."

"கரண்ட் வேற இப்பதான் வந்துது. அந்த ஒயரிங்காரர் காலைல வந்து மேல கம்பியை இழுத்துக் கட்டிட்டுப் போனார். எனக்கு ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு."

நடைக்குப் போனேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. இரும்புப் பெட்டியைத் தொடுமுன் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது பட்டறையில் கட்டாயம். அதையும் நான் பழக்கத்தில்தான் செய்தேன், யோசித்துச் செய்யவில்லை. டெஸ்டரின் நுனியைப் பெட்டியின் மூலைத் திருகாணியில் வைத்தேன்.

டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

என் காயில்தான் என்று நினைத்தேன். எங்கேயோ கம்பியின் மேல்பூச்சு போய், நடுவிலுள்ள இரும்புக் கோரில் பட்டு, பெட்டியின் உடம்பில் கரண்ட் ஏறியிருக்கிறது. கையை நீட்டி சாக்கெட் சுவிட்சை அணைத்தேன். பச்சை விளக்கு அணைந்தது. மறுபடி டெஸ்டரை வைத்தேன்.

இன்னும் எரிந்தது.

சுவிட்சை அணைத்த பிறகும் பெட்டியில் கரண்ட். இது காயில் இல்லை. எனக்கு எதுவும் புரியவில்லை. அப்போதுதான் பின்பக்கக் கதவு திறந்தது. கப்பல் சார் மனைவி விஜயா அக்கா, துணி அலசிய ஈர வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடைக்குள் வந்தார். புடவை ஓரத்திலிருந்து தண்ணீர் மொசைக்கில் சொட்டியது. நடை குறுகல். வாளியோடு வந்தால் பெட்டியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

"அக்கா, நில்லுங்க! அங்கயே நில்லுங்க!"

நான் போட்ட கத்தலில் அவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"என்னம்மா, பல்லியா?"

"அசையாதீங்க. சார், மெயினை எறக்குங்க! சுவிட்ச் இல்ல, மெயின்!"

"என்னம்மா இது, காலங்காத்தால..."

"எறக்குங்க சார்!"

கப்பலில் இருந்த மனிதர். அந்தக் குரலை அவர் முன்பு எங்கேயோ கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்காமல் ஓடினார். மின்விசிறி மெதுவாக நின்றது. டெஸ்டரை மறுபடி வைத்தேன். எரியவில்லை. மூன்று தரம் வைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் விஜயா அக்கா காலைக் கீழே வைத்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பாய்க்குச் சொன்னேன். பல்லாவரத்திலிருந்து மொபெட்டில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு. மெயின் இறங்கியிருக்கிறதா என்று தானே பார்த்தார், சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே எர்த் காலுக்கும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் காலுக்கும் நடுவே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கம்பி.

எர்த் குழியே தோண்டவில்லை. எர்த் துளையை நியூட்ரலோடு கோத்துவிட்டிருந்தார் அந்த ஒயரிங்காரர். அப்படிக் கோத்தால் பல்பு எரியும். உண்மையான எர்த்தைவிட நன்றாக எரியும். மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சனிக்கிழமை வரை அது எர்த் போல நடித்துக்கொண்டிருந்தது. காற்றில் கம்பி அறுந்து, காலையில் மேலே மறுபடி கட்டும்போது இரண்டு கம்பியும் இடம் மாறிவிட்டன. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நியூட்ரல் வந்த வழியில் இப்போது பேஸ் வந்தது. கோத்த கம்பி வழியே அது நேராகப் பெட்டியின் உடம்புக்குப் போனது. நாங்கள் எர்த் என்று நம்பி இறுக்கி முடுக்கிய அதே திருகாணிக்கு.

கப்பல் சார் சுவரில் சாய்ந்துகொண்டார். "குழி தோண்ட மொசைக்கை உடைக்கணும்னான். வேணாம்ப்பா, புதுத் தரைன்னேன். 'பரவால்ல சார், நான் பாத்துக்கறேன்'னான். நானும் விட்டுட்டேன்."

பாய் அந்தச் சிவப்புக் கம்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். விஜயா அக்கா கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"அம்மா தொட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல பாய். ரெண்டடி இருந்துது."

அப்புறம் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "கோடைல, இந்தக் காஞ்ச மண்ணுல, எந்த எர்த்து அப்படிப் பளிச்சுனு எரியும்? நேத்தே எனக்கு உறைச்சிருக்கணும். நான் மாஷா அல்லான்னு சொன்னேன்."

அவர் தப்பை அவரே சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கோத்த கம்பியை எடுத்துவிட்டு, மேலே கம்பியைச் சரியாக மாற்றிக் கட்டிய பிறகு, என் பல்பைத் தட்டைச் சாக்கெட்டில் வைத்துப் பார்த்தோம். மங்கலாக எரிந்தது. மஞ்சள் கம்பி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. இரவெல்லாம் நான் பயந்தது ஒன்றுமில்லாததற்கு.

திங்கட்கிழமை பாய் பட்டறையில் எல்லாரையும் நிறுத்தி புது முறையைக் காட்டினார். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணை. மெயினை இறக்கி நியூட்ரலைக் கழற்று. மெயினை ஏற்றி, அதற்கப்புறம் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பைப் போடு. இப்போதும் எரிந்தால் அது மண்ணுக்குப் போகிற எர்த். அணைந்துபோனால் பொய். செல்வி மெதுவாக, "இதுக்கும் மூணு தபா பாக்கணுமா பாய்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு பாயும் நானும் ஆர்டர் நோட்டை எடுத்துக்கொண்டு, பழைய முறையில் நாங்கள் எர்த் பார்த்துக் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனோம். மூன்று வீடுகளில் அதே மாதிரிக் கம்பி இருந்தது. ஒரு வீட்டில் அது குழந்தைகள் படிக்கிற அறை.

கப்பல் சார் மொசைக்கை உடைத்தார். கரியும் உப்பும் போட்டுக் குழி இறக்கினோம். அந்தப் புது எர்த்தில் பல்பு மஞ்சளாகச் சோம்பி எரிந்தது. பாய் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் கப்பல் சார் முதல் ரெக்கார்டைப் போட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். என்ன பாட்டு என்று இன்று கேட்டால் தெரியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இரைச்சல் வருகிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை.

லோகேஷுக்கு அன்று போனில் நான் சொன்ன பதில் இதுதான். அந்த கஸ்டமர் எந்தக் கண்டிஷனரை வாங்கினாலும் வாங்கட்டும், மூன்று நாள் வோல்டேஜை எழுதிப் பார்த்துவிட்டு வாங்கட்டும். அதற்கெல்லாம் முன்னால், நியூட்ரலைக் கழற்றிவிட்டு நீ பல்பைப் போடு. அவன் போனான். பல்பு அணைந்துவிட்டதாம். போனில் அவன் குரலே வேறு மாதிரி இருந்தது.

செம்பாக்கம் வீட்டுக்கு அதன் பிறகு பல வருடம் சர்வீசுக்குப் போயிருக்கிறேன். நடையில் நான் பெட்டிக்கு முன் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் பின்பக்கக் கதவருகே வளையல் சத்தம் கேட்கும். விஜயா அக்கா வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றிருப்பார்.

"கஸ்தூரி, வரலாமா?"

திருகாணியில் டெஸ்டரை மூன்று தரம் வைத்துப் பார்ப்பேன்.

"வாங்கக்கா."